ஆட்டைப் பார்த்து நீ கேட்ட கேள்வி

என் ஆசை அண்ணா,

நேத்து உன் காரியம் முடிஞ்சு மலையிலேர்ந்து இறங்கி வந்தேன். நம்ம ஊரு நெல்லிவாசல்ல பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, பாதிப் பேர் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அது கிடக்கட்டும். உன்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். இப்பவாவது அதைச் சொல்லித் தொலைக்கணும்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, ஒடுகத்தூர் கொட்டகையில ஒரு படம் ஓடிச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு பொம்பளை தன் வூட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வருவா. சோறு போட்டு வெப்பா, யாரும் தொடமாட்டாங்க. புருசனைப் புடிச்சு உலுக்குவா, அவன் திரும்பமாட்டான். பெத்த குழந்தை அவளைத் தாண்டிச் சுவத்தைப் பாத்துச் சிரிக்கும். பாட்டு இல்ல, சண்டை இல்ல. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. டீக்கடையில ஒருத்தர் பேய்னாரு, ஒருத்தர் பைத்தியம்னாரு. எங்க வூட்டுக்காரர் "எல்லாம் கனவுடி, வேலையப் பாரு"ன்னாரு.

நீ ஒருத்தன்தான் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்ட.

மலைக்குக் கீழ இருக்கிற ஊர்க்காரரைக் கட்டிக்கிட்டேன்னு ஊரு என்னைத் தள்ளி வெச்சு அப்ப ஆறு வருசம். தள்ளி வெச்சவகூட யாரும் பேசக் கூடாது, தண்ணி குடுக்கக் கூடாது, எதிர்ல வந்தா கண்ணு அவ மேல படக் கூடாது. சந்தையில உன்னை எத்தனை தடவை பாத்திருப்பேன்! புளி மூட்டைக்குப் பின்னால உக்காந்துகிட்டு, என்னைத் தாண்டி எங்கேயோ பாப்ப. அப்படியே செத்துடலாம் போல இருக்கும்.

ஒரு சந்தை நாள் சாயங்காலம் என் வாசல்ல வந்து நின்ன. என்கிட்ட பேசக் கூடாதே! அதனால கட்டியிருந்த ஆட்டைப் பாத்துக் கேட்ட: "அந்தப் படம் பாத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாதியில எழுந்து வந்துட்டேன். அந்தப் பொம்பளைய ஊரு தள்ளி வெச்சிருக்காங்க, அது தெரியுது. இன்னா தப்பு பண்ணாளாம்? கடைசியில வூட்ல சேத்துக்கினாங்களா?"

நான் கடைசி வரைக்கும் பாத்தவ. சுவத்துல அவ போட்டோ, மாலை, விளக்கு. அவ செத்து வருசமாகுது. அவ்வளவுதான் படம். ஆனா அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. "அவ ஒரு தப்பும் பண்ணலண்ணா. கூடப் பொறந்தவன் முதல்ல வந்து பேசுனான், அப்புறம் எல்லாரும் பேசுனாங்க"ன்னேன்.

நீ ஆட்டை விட்டுட்டு என்னைப் பாத்த. "அப்படியா பாப்பா?"ன்ன. நான் அழுத அழுகையில தெருவே எட்டிப் பாத்துச்சு. "ஆட்டுக்கு மட்டும்தான் தண்ணியா, எனக்கு இல்லையா?"ன்னு உன் கிண்டல் வேற. அதுக்கப்புறம் ஒரு சந்தை நீ வராம இருந்ததில்ல. ஊரு உன்னைக் கூட்டத்துல நிக்க வெச்சுத் திட்டுச்சு, நீ அசரல. என் பொய்யை நம்பித்தானே நீ இத்தனையும் பட்டன்னு என் நெஞ்சு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

நேத்து அண்ணிகிட்ட சொல்லி அழுதேன். அண்ணி மூக்கைச் சிந்திட்டுச் சிரிச்சாங்க. "அடிப் பைத்தியமே! அவரு முழுசா பாத்துட்டுத்தான் உன் வூட்டுக்கு வந்தாரு. பஸ்ஸை விட்டுட்டு நடந்தே மலையேறுனாரு. மாலை போட்ட போட்டோவப் பாத்துட்டு வந்து, உசுரோட இருக்கிற என் தங்கச்சிக்கு நாங்க மாலை போட்டுட்டமேன்னு அழுதாரு."

ஏண்ணா, ஏன் என்கிட்ட சொல்லல? எனக்கும் சொல்ல வாய் வரலையே, அது மாதிரியா?

இன்னொண்ணும் இருக்கு. நம்ம ஊர்ல இப்ப வேற ஒரு பொண்ணைத் தள்ளி வெச்சிருக்காங்க. பேரு செல்வி. நேத்து கூட்டத்துக்கு ஓரமா நின்னு உனக்காக அழுதுகிட்டிருந்தா. உன் காரியத்துக்காக என்னை ஊருக்குள்ள விட்டவங்க கோச்சுக்குவாங்களோன்னு பயந்து, நானும் அவளைப் பாக்காத மாதிரி தாண்டி வந்துட்டேன். நான்! இப்ப நினைச்சாலும் உடம்பு கூசுது.

நாளைக்கு முதல் பஸ்ல மேல வர்றேன். ஊரே பாக்கட்டும். நடுத்தெருவுல நின்னு "செல்வி"ன்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். இது சத்தியம்.

உன் கூடப் பொறந்தவ