தங்கத் தூளும் என் கைப்பிடியும்

ஜூலை 14, திங்கள்
கச்சான் காற்று. பதுளை முழுக்கத் தூசி. ஆய்வுகூட ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தேன்.

ஐந்தாவது தடவை சுட்டும் இலையில் நீலப் புள்ளி இல்லை. இயந்திரம் இரவல் வாங்கியது, வெள்ளிக்கிழமை வண்டி வந்து ஏற்றிப் போய்விடும். அதோடு தேயிலை ஆராய்ச்சிக்கு முழுக்கு. நான் பழையபடி குழாய் கழுவ வேண்டியதுதான்.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டாக்டர் சேர்: "மெஷின்தான் பிழை, பிள்ளை. காஸ் அமுக்கம் கூடி இலையெல்லாம் கருகுது."

இன்னும் இரண்டு தடவை சுடத்தான் தகடு மிச்சம்.

ஜூலை 15, செவ்வாய்
இயந்திரத்தைத் துடைத்து வைத்தேன். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. தங்கத் தூள், ஒரு துகள்கூடத் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் மரபணுவைப் பூசி, ஹீலியம் வாயுவை ஏற்றினால் ஒரு சின்னத் தகடு கிழியும். 'டப்'. தங்கம் இலைச் செல்லின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே. அந்தச் செல் சாகாமல், வந்த மரபணுவை வாசித்துச் சொன்னதைச் செய்யும்! செய்தால் சாயத்தில் நீலப் புள்ளி. அது தெரிந்த பிறகுதான் வறட்சி தாங்கும் மரபணுவைத் தொடலாம்.

மின்சாரம் பாய்ச்சிச் செல்லில் ஓட்டை போடுகிறவர்களும் உண்டாம். கண்ணாடி ஊசியால் ஒவ்வொரு செல்லாகக் குத்துகிறவர்களும். என்ன பொறுமை! எனக்கு இந்தத் துப்பாக்கிதான்.

வாங்க: ஸ்பிரிட், பஞ்சு, அம்மா முட்டிக்கு எண்ணெய்.

ஒரு சந்தேகம். சுடாமல் வைத்த தட்டிலும் இலை சிவந்திருக்கிறது. ஏன்?

ஜூலை 16, புதன்
காலை பஸ்ஸில் ஹாலிஎல. இலை எடுப்பது அங்குள்ள தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில். கூடப் படித்த ராணி அங்கேதான் பிளேடால் தண்டு வெட்டித் தண்ணீர் வாளியில் போடுகிறாள். நான் கிள்ளுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி, கொழுந்தெடுக்கப் பெரட்டுக்கு வந்தவ மாதிரி கைய நெறைக்கிற? ஃபெக்டரிக்கா அனுப்பப் போற?"

கையைப் பார்த்தேன். கிள்ளிக் கிள்ளி உள்ளங்கைக்குள் அமுக்கி, நிறைந்த பிறகுதான் பையில். அப்புத்தளை மலையில், ஸ்கூல் லீவில், அம்மாவோடு கொழுந்து பறித்துப் பழகிய கை. வேகம் என்று பெருமை வேறு. நசுங்கினால் கொழுந்து சிவக்கும், தேயிலைத்தூள் ஆவதே அப்படித்தானே! ஐந்து தடவையும் நசுங்கிய இலையைத்தான் சுட்டிருக்கிறோம்.

ராணி வெட்டித் தந்தாள். ஒவ்வொன்றாக, நேரே தண்ணீரில். பஸ்ஸில் அழுகை வந்தது. சொல்லாமலே விட்டுவிடலாமா? மெஷின்தான் பிழை என்று எல்லோரும் நம்பியாகிவிட்டதே.

சேரிடம் சொல்லிவிட்டேன்.

"அஞ்சு தரமும் நீரோ பறிச்சனீர்?"

"ஆமாங்க சேர்."

சிவந்த தட்டுகளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நீர் கொண்டுவந்த இலையளை நானும் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்," என்றார். நல்ல மனுஷன்.

மரபணு பூசிய தங்கம் ஒரு தட்டுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தங்கம் ஒரு தட்டுக்கு. டப். டப். தகடு தீர்ந்தது.

ஜூலை 17, வியாழன்
இலை சிவக்கவில்லை! சாயத்தில் போட்டாயிற்று. இனி விடியட்டும். கரண்ட் போய்ச் சூட்டுப்பெட்டி ஆறினால் செத்தேன். 

ஜூலை 18, வெள்ளி
பச்சை போக ஸ்பிரிட்டில் கழுவினேன். வெறும் தங்கம் சுட்ட தட்டு: வெளுப்பு மட்டும். மற்றது: நீலம். நீலம்! எண்ணினேன், பதினொன்று. சேர் எண்ணினார், பன்னிரண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.

ராணிக்கு போன். "பன்னெண்டு புள்ளிக்கா இப்படிக் கத்துற?" என்றாள். ஆனால் நாளைக்கு வந்து பார்க்கிறாளாம்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. சேர் வாசலுக்கே போனார். "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு வெறும் வண்டியோட போங்கோ. இப்பதான் உங்கடை ஒஃபிசோட கதைச்சனான். மெஷின் இஞ்சதான் நிக்கும்."

திரும்பி வந்து என்னிடம், "பிள்ளை, அந்த ராணியின்ரை முழுப்பேரை எழுதித் தாரும். அறிக்கையிலை போடவேணும்."