விளாத்தியடிக் காட்டு நரியின் முகம்

அனுப்புநர்:
செல்வி உதயகலா பரமலிங்கம், பி.எஸ்சி. (புள்ளிவிபரவியல்)
இணைப்பாளர், விளாத்தியடிக் காட்டுத் தொண்டர் கணக்கெடுப்புக் குழு,
விளாத்தியடி, தென்மராட்சி.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், சாவகச்சேரி.

விடயம்: நரிக்குட்டிகள் உள்ள பற்றையை நாளை (09.08.2025) பெக்கோ மண்வாரி இயந்திரம் கொண்டு வெட்டவிருப்பதைத் தடுத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

நரியின் முகத்தில் விழித்தால் நல்லது நடக்குமா? இக்கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. தெரியுமென்று சொல்பவர்கள் இப்போது தினமும் அதிகாலையில் விளாத்தியடிக் காட்டுக்குள் நிற்கிறார்கள். இம்மனுவுக்கு அதுவே காரணம்.

1. இக்காடு பதினொரு ஏக்கர் அரச காணி. கண்ணிவெடிகள் இருந்தமையால் பல ஆண்டுகள் எவரும் உள்ளே போகவில்லை. வெடிகளை அகற்றி முடித்தபோது அது காடாகியிருந்தது. கடந்த ஆண்டு யூன் முதல் நாங்கள் ஐந்து தொண்டர்கள் சனிக்கிழமைதோறும் காலை ஐந்தரைக்குச் சென்று, கண்ட உயிரினங்களை எண்ணி எழுதி வருகிறோம். இதுவரை ஐம்பத்தெட்டுப் பறவையினங்கள், உடும்பு, கீரி, மரநாய், ஒரு சோடி நரி. நரிகள் இவ்வாண்டு நான்கு குட்டிகள் ஈன்றுள்ளன. குகை, மேற்குப் பற்றைக்குள் விழுந்து கிடக்கும் பனையின் அடியில் உள்ளது.

2. தவறு என்னில் தொடங்கியது. வெளிப்படைத்தன்மை கருதி, மாதாந்த அட்டவணையைச் சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். அதில் ‘நரி – 2 – மேற்கு வண்டிப்பாதை – கா. 5.40 முதல் 5.50 வரை’ என்ற வரி இருந்தது. கோயில் பூசை நேரம் போலத் துல்லியமாக எழுதிவிட்டேன்.

3. எமது தொண்டர்களில் ஒருவரான கஜந்தினி ஒரு சனிக்கிழமை நரியைக் கண்டார். திங்கட்கிழமை அவருக்குக் கனடா விசா கிடைத்தது. விண்ணப்பம் ஐந்து மாதங்களுக்கு முன்பே அனுப்பப்பட்டதென்று நான் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். அவருடைய தாயார் திருமதி குணலட்சுமி, “ஓம் மிஸ், அஞ்சு மாசமா வராதது நரியைக் கண்ட பிறகுதானே வந்தது” என்றார். தனது விசா இரு தடவை நிராகரிக்கப்பட்டதால் அன்றிலிருந்து அவரும் தினமும் காட்டுக்கு வருகிறார்.

4. நித்திரை விட்டெழுந்ததும் முதலில் காண்பது நரியின் முகமாக இருக்க வேண்டும் என்பது இவர்களுடைய நிபந்தனை. ஆகவே வீட்டிலேயே கண்ணைத் திறவாமல் துவாயால் கட்டிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்குகிறார்கள். பின்னர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வரிசையாகக் காட்டுக்குள் நடக்கிறார்கள். முன்னால் செல்பவர் கண் திறந்திருக்க வேண்டுமாதலால் அவருக்குப் பலனில்லை. அப்பணியை ஓட்டோச் சாரதி டிலக்ஷன் செய்கிறார். கடந்த செவ்வாய்க்கிழமை அவர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நடந்ததில் ஒன்பது பேர் நாகதாளி முட்பற்றைக்குள் இறங்கினர். ஒருவரும் கண்கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் நாகதாளியில் விழித்ததாகிவிடுமாம்.

நரி வந்ததும் டிலக்ஷன் “இப்ப!” என்பார். எல்லோரும் துவாயை இழுப்பார்கள். பன்னிரண்டு துவாய்கள் ஒரே நேரத்தில் அவிழ்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நரி எந்த நாட்டிலும் இல்லை. எமது விளையாட்டுக் கழகத்தின் கிரிக்கெற் அணி முழுவதும் இவ்வாறு வந்து, அன்று மாலையே ஏழு விக்கெற்றுகளால் தோற்றது. அணித் தலைவர் பிரணவனிடம் காரணம் கேட்டேன். “அது திரும்பி ஓடேக்கைதான் பாத்தனாங்கள் மிஸ். வாலில முழிச்சிட்டு எப்பிடி வெல்லுறது?” என்றார்.

5. நரியைக் கண்ட எண்பத்து நான்கு பேரை இரு வாரங்கள் கழித்து விசாரித்தேன். முப்பத்தொரு பேருக்கு நல்லது நடந்திருந்தது. இருபத்தொன்பது பேருக்குக் கெட்டது நடந்திருந்தது. இருபத்து நான்கு பேருக்கு எதுவும் நடக்கவில்லை. இதையும் பலகையில் ஒட்டினேன். மறுநாள் அதன் கீழே ஒருவர் பேனையால், ‘31 பேருக்குச் சரிவந்திருக்கு!’ என்று எழுதியிருந்தார். அதன் பின்னர் வருவோர் தொகை இரட்டிப்பாகியது. நரியைக் காணாத எண்பத்து நான்கு பேரையும் விசாரித்தாலன்றி முடிவு சொல்ல இயலாது. இப்போது எமது ஊரில் அவ்வளவு பேர் மிஞ்சியிருக்கிறார்களா என்பது சந்தேகமே.

6. இவை சிரிப்புக்குரியவையாகத் தங்களுக்குத் தோன்றலாம். தாய் நரி முன்னர் ஐந்தேமுக்காலுக்கு இரையுடன் குகைக்குத் திரும்பும். கடந்த இரு வாரங்களில் நான் அவதானித்த ஆறு நாட்களில் மூன்று நாட்கள் ஏழு மணிக்கு முன் அது பற்றையை நெருங்கவில்லை. குட்டிகளில் ஒன்று மெலிந்திருக்கிறது.

7. இந்நிலையில், கடந்த ஞாயிற்றுக்கிழமை கூடிய சனசமூக நிலையக் கூட்டம், மேற்குப் பற்றையை முற்றாக வெட்டி, கிறவல் மண் பரவி, தகரக் கூரையும் வாங்குகளும் அமைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. (நான் எதிர்த்துக் கை உயர்த்தினேன். அது கேள்வி கேட்பதற்கு எனக் கருதப்பட்டது.) பெக்கோ நாளை காலை வருமென்பது நேற்றுத்தான் தெரிந்தது. உடனே நிலையத் தலைவர் திரு. கேதீஸ்வரனைச் சந்தித்தேன்.

“பத்தை மறைச்சா சனத்துக்கு நரியின்ரை முகம் எப்பிடித் தெரியும் மிஸ்?” என்றார்.

பற்றைதான் நரியின் வீடென்று சொன்னேன்.

“அதுக்கென்ன, வடிவாய் ஒரு கூடு கட்டிக் குடுப்பம். சீமெந்தில.”

இவர் கெட்டவர் அல்லர். வயோதிபர்கள் அமர வாங்கு வேண்டுமென்பதே அவருடைய கவலை. ஆனால் காணி அரசினுடையது. வெட்டுவதற்குத் தங்கள் அனுமதி பெறப்படவில்லை. குட்டிகளுக்கு இன்னும் ஓடத் தெரியாது.

ஆகவே ஐயா, தங்களிடம் வேண்டுவன:

(அ) பற்றை வெட்டுவதை உடன் நிறுத்தி எழுத்துமூலக் கட்டளை வழங்குதல்.
(ஆ) காலை ஐந்து முதல் ஏழு மணிவரை பொதுமக்கள் காட்டுக்குள் நுழைவதைத் தடைசெய்தல்.
(இ) காணியின் எல்லையை அளந்து, அரச காணி எனப் பலகை நாட்டுதல்.

இன்று பௌர்ணமிப் போயா அரச விடுமுறையாதலால் தங்கள் அலுவலகம் பூட்டியிருக்கிறது. கிராம அலுவலரின் வீட்டுக்கு ஒரு பிரதியைக் கொண்டுசென்றேன். அவர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். அவருடைய தாயார் அதை வாங்கி, கலியாண அழைப்பென்று நினைத்து எனக்கு வாழ்த்துத் தெரிவித்தார். மூலப்பிரதியைத் திங்கட்கிழமை நேரில் ஒப்படைப்பேன். அதற்குள் பற்றை இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே எழுதியதற்கு இத்திகதி சாட்சியாக இருக்கட்டும்.

தங்கள் கட்டளையை எதிர்பார்த்து,
உ. பரமலிங்கம்
விளாத்தியடி
08.08.2025

பிற்சேர்க்கை (09.08.2025, சனிக்கிழமை)

ஐயா, இன்று நடந்ததைக் கண்டவாறே பதிவு செய்கிறேன்.

காலை 5.20 மணிக்கு நான் சென்றபோது பத்தொன்பது பேர் கண்கட்டி நின்றனர். 5.35க்கு பெக்கோ வந்தது. சாரதி எமில்ராஜ், குருநகரைச் சேர்ந்தவர்; நரி விவகாரம் எதுவும் அறியாதவர். கண்கட்டிய சனத்தைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார். இயந்திரச் சத்தம் கேட்டதும் கூட்டத்திலிருந்து, “உந்த இழவை நிப்பாட்டு! நரி ஓடப்போகுது!” என்று குரல்கள் எழுந்தன. திருமதி குணலட்சுமி சத்தம் வந்த திசையில் கைகளால் தடவிக்கொண்டே நடந்து, பெக்கோவின் முன்வாளியைப் பிடித்து, அதற்கு முன்னால் நிலத்தில் அமர்ந்துவிட்டார்.

“அன்ரி, கண்ணைத் துறந்து எழும்புங்கோ. பிழைச்சா நசிஞ்சு போவியள்” என்றார் எமில்ராஜ்.

“துறக்கமாட்டன். துறந்தா உன்ரை முகத்திலயெல்லோ முழிக்கவேணும்.”

மற்றப் பதினெட்டுப் பேரும் குரலைக் கொண்டு அவரைத் தேடிச்சென்றனர்; பதினாறு பேர் அவரைச் சுற்றி அமர்ந்தனர். இருவர் திசை மாறி, பெக்கோவுடன் வந்திருந்த திரு. கேதீஸ்வரனைச் சுற்றி அமர்ந்தனர். வாங்குகள் அவர்களுக்காகவே என்று அவர் மன்றாடினார். “நாங்கள் நிலத்தில இருக்கிறம், நீர் நரியைக் கலைக்காதையும்” என்று பதில் வந்தது. 7.15க்கு பெக்கோ திரும்பிச் சென்றது. பற்றையில் ஒரு கிளையும் முறியவில்லை. நரி வரவில்லை. மாலை 5.30க்குக் கஜந்தினியும் நானும் தூரத்திலிருந்து பார்த்தோம். நான்கு குட்டிகளும் குகை வாசலில் இருந்தன.

பெக்கோ மீண்டும் வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருமெனத் திரு. கேதீஸ்வரன் அறிவித்துள்ளார். அந்நேரம் நரி பார்க்க எவரும் வருவதில்லை என்பதை அவரும் கணித்திருக்கிறார். எனவே (அ)வை புதன்கிழமைக்கு முன் நிறைவேற்றுமாறும், அதுவரை, பொதுமக்களைத் தடைசெய்யக் கோரும் (ஆ)வைத் தயவுசெய்து பரிசீலிக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை காட்டிலிருந்து நான் புறப்படும்போது திருமதி குணலட்சுமி, “மிஸ், புதன்கிழமை பத்து மணிக்கும் நரி வருமோ?” என்று கேட்டார். எமது பதினான்கு மாதப் பதிவுகளில் அவ்வாறு ஒருமுறையேனும் நிகழவில்லை.

வரலாம் என்று சொன்னேன்.

உ. பரமலிங்கம்