ஒரே பக்கத்து இறகு

ஆம்பூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நிழல்லயும் கூலிங் கிளாஸ் போடுற உன் கோச், நான் செஞ்ச அம்பை எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டி, "இன்னா சார், கோழி றெக்கையக் கொழம்புல போடாம இதுல ஒட்டியிருக்கீங்க"ன்னாரே. கோழிக்கும் வான்கோழிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுகிட்ட நீ குறி பார்க்கக் கத்துக்கிற.

ஆனா அம்பு கோணலாத்தான் போச்சு. காரணம் அந்த அறிவாளிக்கும் தெரியலை, ஒட்டின இந்த அறிவாளிக்கும் தெரியலை. நேத்து ஷூ கம்பெனியில இடது, வலதுன்னு ஜோடி சேர்க்கும்போதுதான் உறைச்சது. அதே பழக்கத்துல, ஒரே அம்புல இடது றெக்கை இறகையும் வலது றெக்கை இறகையும் கலந்து ஒட்டியிருக்கேன். ரெண்டும் எதிரெதிரா வளையும். அம்பு எங்க நேராப் போகும்? தோல் வெட்டி வெட்டி மூளையும் தோலாயிடுச்சு.

இப்ப எல்லாம் இடது இறகாப் பொறுக்கி, ஓரம் சீவி ஒட்டிட்டேன். ஏரிக்கரையில விட்டுப் பார்த்தேன், நேராப் போச்சு. பார்சல் எல்லாம் அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கோ.

அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்ப நான் உன் கோச் மூஞ்சியத்தான் பார்த்துட்டிருந்தேன். யார் யார் சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. அதனால இனிமே நான் கூப்பிட்டா நீ போனை எடுக்கலாம்.

ஜோடி சேர்த்தே கெட்டுப்போன
உன் அப்பா