ஜனாஸா பக்கம் திரும்பி வந்துவிட்டது, காக்கா

என் அருமைக் காக்கா,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அடக்க அறிவிப்புகளுக்காக இணையத்தில் நீங்கள் நடத்திய ஜனாஸா பக்கம் திரும்பி வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வழக்கம்போல் போனில் திறந்து பார்த்தேன். 'இந்தப் பக்கம் இந்தியாவில் கிடைக்காது' என்ற அந்தப் பாழாய்ப்போன வரி அங்கே இல்லை. ஒரு காலில் மட்டும் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு முதல் பீரியட் கணக்கு வகுப்பு நடக்கவில்லை.

இந்தக் கடிதத்தையும் அதே பக்கத்தில்தான் போடுகிறேன். என் அண்ணனான உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையத்தில் யார் மௌத்தானாலும் முதல் ஆள் உங்கள் தையல் கடைக்குத்தான் வரும். தைத்துக்கொண்டிருக்கும் சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு, இழவு வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள். பிறகுதான் பக்கத்தில் அறிவிப்புப் போடுவீர்கள். இன்னாருடைய மகன், இன்ன தெரு, இன்று இந்தத் தொழுகைக்குப் பின் இந்த மையவாடியில் நல்லடக்கம். அடுத்த ஐந்து நிமிடத்தில் தெருவுக்கு ஒருவராக இருபத்திரண்டு பேர் அதை அப்படியே எடுத்துத் தங்கள் குழுக்களில் போடுவார்கள். ஒரு எழுத்து மாற்றக் கூடாது என்பது உங்கள் சட்டம். நேரத்தை எவராவது தப்பாகப் போட்டால், தூத்துக்குடியிலிருந்து வருகிற மகள் வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள் என்பீர்கள்.

நேரில் போகிற பழக்கம் பீர் மாமாவால் வந்தது. ஆரம்ப காலத்தில் யாரோ சொன்னதை நம்பி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பீர் மாமாவுக்கு, அஸர் என்கிற சாயங்காலத் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று அறிவிப்புப் போட்டுவிட்டீர்கள். சீவலப்பேரியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். மறுநாள் மாமா கடை வாசலில் வந்து நின்றாரே, நினைவிருக்கிறதா? "ஏலே சாகுலு, அஸருக்கு என்னைய அடக்கணும்னு போட்டிருந்தியாம்லா. நானும் குளிச்சு முழுகி வந்துட்டேன். வா, போவோம்." ஒரு வாரம் நீங்கள் வெளியில் தலைகாட்டவில்லை.

நமக்குள் இருந்த ஒரே சண்டை தேதியைப் பற்றியது. "இன்று என்று மட்டும் போட்டால் எப்படி, தேதி போடுங்கள்" என்று கணக்கு டீச்சருக்கே உரிய நச்சரிப்போடு நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். "மௌத்துக்கு எதுக்குமா தேதி? இன்னைக்குத்தானே அடக்குதோம்" என்று வாயை அடைத்துவிடுவீர்கள்.

அப்புறம் அந்த வாரம் வந்தது. எங்கேயோ வேறு மாவட்டத்தில் ஏதோ தகராறு. வதந்தி பரவக் கூடாது என்று அரசாங்கம் ஒரு பட்டியல் தயார் செய்து, இந்தப் பக்கங்களை நடத்துகிற கம்பெனிக்கு அனுப்பியது. அதில் உங்கள் பக்கமும் இருந்தது. ஒரே வாசகம் இருபத்திரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் கிளம்புகிறதே, இது யாரோ திட்டம் போட்டுச் செய்கிற வேலை என்று எவரோ, அல்லது எதுவோ, முடிவு கட்டிவிட்டது. திட்டம் போட்டவர் என்னவோ நீங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. இந்தியாவுக்குள் மட்டும் பக்கத்தை மூடிவிட்டார்கள். சவூதியில், தம்மாமில் இருக்கிற உங்கள் மகன் அஸ்கருக்குப் பக்கம் தெரிந்தது. அடுத்த தெருவில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை.

உங்களை ஓர் அரசு அலுவலகத்துக்கு வரச் சொல்லி அரை நாள் உட்கார வைத்தார்கள். அங்கே நடந்ததை உங்கள் மனைவி, என் மைனி, பிறகுதான் என்னிடம் சொன்னாள். "இத்தனை பேரும் ஒரே வாசகத்தைப் போடுதாங்களே, யார் சொல்லிப் போடுதாங்க?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "நான்தான் ஐயா சொல்லுதேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களை என்ன செய்வது காக்கா? உண்மையை அப்படியா முழுசாகத் தூக்கி மேஜையில் வைப்பார்கள்?

அன்று சாயங்காலம் நான் வந்திருந்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா, உங்களுக்கு மறந்திருக்காது. "ஏதாவது தப்பாப் போட்டிருப்பீங்க காக்கா, நல்லா யோசிச்சுப் பாருங்க. சும்மாவா அரசாங்கம் நடவடிக்கை எடுக்கும்?" பக்கம் உங்களுடையது என்பதால் உங்கள் போனில் மட்டும் அது திறந்தது. போனை எடுத்து, ஒன்பது வருடத்து அறிவிப்புகளையும் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தீர்கள். அதற்குப் பிறகு ஊசியில் நூல் கோப்பதைவிட அதைத்தான் அதிகம் செய்தீர்கள் என்று மைனி சொல்கிறாள். எந்த அறிவிப்பில் என்ன தப்பு என்று தேடிக்கொண்டே இருந்தீர்கள். மூன்றாவது வாரம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

உங்கள் அறிவிப்பை நான்தான் எழுதினேன். உங்கள் போனிலிருந்து, உங்கள் வாசகத்தில், தேதி போடாமல். சண்டை பிடிக்க நீங்கள் இல்லாதபோது ஜெயிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? வளைகுடாவில் இருக்கிறவர்கள் பார்த்தார்கள். தெருக்காரர்கள் இருபத்திரண்டு பேரில் பாதிப் பேர் உங்களோடு இருந்த குழுவைவிட்டுப் போயிருந்தார்கள், மீதிப் பேர் எதையும் போடப் பயந்தார்கள். பள்ளிவாசல் மைக் சத்தம் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊருக்கெல்லாம் ஆள் சேர்த்த உங்களுக்கு, ஜனாஸாத் தொழுகையில் மூன்றே வரிசை நின்றதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு நான் தூங்கிய தூக்கமெல்லாம் தூக்கமில்லை.

உங்கள் பெயர் சுத்தம் என்று எழுத்தில் வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கம்பெனிக்கு எழுதினேன். அரசாங்கத்தின் கோரிக்கை, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. எத்தனை முறை எழுதினாலும் கமா கூட மாறாமல் அதே பதில். அவர்களுக்கும் உங்களைப் போல ஒரு சட்டம் இருக்கிறது போல. உங்களை உட்கார வைத்த அலுவலகத்துக்குப் போனேன். நாங்கள் பட்டியல்தான் அனுப்பினோம், மூடியது கம்பெனி என்றார்கள். சரி, உத்தரவின் நகலையாவது கொடுங்கள் என்றால், அது ரகசியமாம். நம் தெருவில் யார் மௌத்து என்ற செய்தியில் அப்படி என்ன ரகசியம் காக்கா?

பாளையங்கோட்டையில் மனு தட்டச்சு செய்கிற ஆறுமுகம் அண்ணாச்சிதான் வழி காட்டினார். நீங்கள் தைத்துக் கொடுத்த சட்டையைத்தான் இன்னமும் போடுகிறார். நான் கொண்டுபோன கடிதங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கையைக் காட்டுதாங்க. தனித்தனியாக் கேட்டா ஆயுசுக்கும் இப்படித்தான். ரெண்டு பேரையும் ஒரே இடத்துல நிக்க வச்சுக் கேப்போம். பைய நடக்கும், ஆனா நடக்கும்."

மதுரையில் வழக்குப் போட்டோம். லீவு எடுத்து எடுத்து, தலைமை ஆசிரியைக்கு என் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிற அளவுக்கு ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றபோது அண்ணாச்சி சொன்னதுதான் நடந்தது. நாங்கள் கேட்டோம், அவர்கள் செய்தார்கள் என்றது ஒரு பக்கம். அவர்கள் கேட்டதால் செய்தோம் என்றது இன்னொரு பக்கம். அறிவிப்புகளைப் படித்துப் பார்த்தீர்களா என்று நீதிபதி கேட்டார், இரண்டு பக்கமும் படித்திருக்கவில்லை. படிக்கச் சொன்னார். படித்தார்கள். ஆட்சேபிக்கும்படி ஒன்றுமில்லை, தடையை விலக்கிக்கொள்கிறோம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். வருத்தம் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை, இரண்டு முறை தேடிப் பார்த்தேன். நாளைக்கு இன்னொரு பட்டியல் வந்தால் இதே கதைதானா என்ற கேள்விக்கும் அதில் பதில் இல்லை. இருந்தாலும் ஒன்பது வருடத்தில் ஒரு தப்பும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. மையவாடிக்கு அஸ்கர் வரும்போது உங்கள் தலைமாட்டில் நின்று அதை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். என் நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பக்கம் திறந்ததும் மேலே முதலாவதாக இருந்தது உங்கள் அறிவிப்புதான். அதற்குப் பிறகு யார் அதில் எதைப் போட்டார்கள்? நெசவுத் தெரு காதர் அதைப் பார்த்திருக்கிறான். உங்கள் குழுவைவிட்டு முதலில் ஓடியவன் அவன். வெட்கமோ சந்தோஷமோ, உடனே எடுத்துத் தன் தெருக் குழுவில் போட்டுவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். பக்கம் தானாகக் காட்டுகிற பழைய தேதி குழுக்களுக்கு வரவில்லை, வாசகம் மட்டும்தான் வந்தது. நம் தெருவுக்குத் தெரியும், நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆயிற்று என்று. வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? இன்று அஸருக்குப் பின் நல்லடக்கம் என்றல்லவா இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது உங்கள் வீட்டு வாசலில் ஆட்கள். சீவலப்பேரியிலிருந்து ஒரு வேன். ராதாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். இழவு வீட்டில் பந்தல் இல்லையே, நாற்காலி இல்லையே என்று முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். காதர் ஓரமாக நின்று, "ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு காக்கா சொல்லியிருக்காகல்லா, அதான் அப்படியே போட்டுட்டேன்" என்கிறான். நான் அவனை நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீர் மாமா வந்தார். இரண்டு வருடமாக ராதாபுரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். கண் சரியாகத் தெரியாததால் போன் பார்ப்பதில்லை, அப்போது யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் போட்ட மாதிரி இவனுக்கும் எவனோ தப்பாப் போட்டிருப்பான்னு நெனைச்சுத்தான் பஸ் ஏறினேன். எங்கன இருக்கான் சாகுலு?" என்று கேட்டார்.

பதினோரு மாசம் ஆச்சு மாமா என்றேன். "அப்பம் எவனும் தப்பாப் போடலையா" என்றார். பிறகு அவரே முன்னால் நடந்தார். வந்தவர்கள் அத்தனை பேரும் பின்னால் மையவாடிக்குப் போனார்கள். உங்களிடம் சலாம் சொல்லி, உங்களுக்காக இறைவனிடம் துஆச் செய்தபோது மையவாடியில் நிற்க இடமில்லையாம். மையவாடிக்குப் போகாத பெண்களான எங்களிடம் காதர் மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னான்.

உங்களுக்கு அது கேட்டிருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

இனி அறிவிப்பை நான் போடுவேன் காக்கா. வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். தெருக்காரர்கள் இருபத்திரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள், ஒரு எழுத்து மாற்ற விடமாட்டேன். தேதி மட்டும் போடுவேன், அதில் இனி உங்கள் பேச்சு எடுபடாது. உங்களுடைய அறிவிப்பில் மட்டும் கை வைக்கவில்லை. அது 'இன்று' என்றே இருக்கட்டும். இன்னும் யாருக்காவது தெரியாமல் இருந்தால், அவர்களும் வரட்டும்.

ஒரு நாள் உங்களைச் சந்தேகப்பட்டு, பதினொரு மாதம் அதற்காக அலைந்த,
உங்கள் தங்கச்சி ஜமீலா