ஓவன் கதவைத் திறக்காமல் நின்ற நாள்

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? எனக்குக் கால் வீக்கம் தவிர ஒரு குறையுமில்லை.

இந்த ஊர் பேக்கரியில் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வார்கள் என்று சொன்னேனே, கடைசி வாரத்தில் என் கேக்கெல்லாம் நடுவில் குழிந்துபோனது. நம் சின்னவள் படிப்பு முடியும்வரை இந்த வேலை வேண்டுமே என்று பயந்துவிட்டேன். ஓவனை நூற்றெண்பது டிகிரியில்தான் வைத்திருந்தேன். ஆனால் தேர்வு அறையில் சுற்றிவந்த பழக்கம் விடுமா? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

தலைமை பேக்கர் அம்மா சிரித்துவிட்டார்.

"டீச்சர், கேக்கு காப்பியடிக்காது, கதவச் சாத்துங்க! திறக்கத் திறக்க சூடெல்லாம் வெளிய போகுது. நீங்க வெச்சது நூத்தியெண்பது, உள்ள நூத்தம்பதுகூட இல்ல."

மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகவே பார்த்து நின்றேன். கேக் பஞ்சுபோல எழும்பியது.

"இருந்துடுங்க டீச்சர், ரெண்டு வருஷத்துக்கு எழுதிக்கறேன்" என்றார்.

நல்ல செய்திதான். ஆனால் இன்னும் இரண்டு வருடம் உங்களை விட்டு இங்கேதான் என்று எழுதத்தான் நான்கு நாள் ஆயிற்று.

சூடான தட்டைப் பிடிக்க என் பழைய பருத்திப் புடவை இரண்டு அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். பதிலில் 'வந்துவிடு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வந்துவிடுவேன்.

உங்கள் வீட்டு டீச்சர்