வைப்பர் மோட்டார் வாங்கிய மாதம்

ஜூன் 3, திங்கள்

முதல் மழை. திங்களன்று போய் வெள்ளியன்று திரும்புகிற டீச்சர்கள் இரண்டு பேரையும் மலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் வந்தபோது ஜீப்பின் முன் பம்பரில் புல் ஒட்டியிருந்தது. ஈரப் புல், வேரோடு. அந்தப் பாதையில் உள்பக்கம் வெறும் பாறை. புல் முளைப்பது வெளி ஓரத்தில்தான். ஓரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

"வைப்பர் நின்னுபோச்சு. கண்ணாடி பூரா தண்ணி, ஒண்ணும் தெரியல" என்றார். பால் திரிந்துபோனதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

புல்லை நான்தான் பிய்த்துப் போட்டேன். அடுப்பு பற்றவைக்கக் கை வரவில்லை.

ஜூன் 5, புதன்

மெக்கானிக் வந்து பார்த்தார். எங்கள் ஜீப் மாமனார் காலத்து வண்டி. அதன் வைப்பர் கரண்டில் ஓடுவதில்லை. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு ரப்பர் குழாய் வழியாக வந்து அதை ஆட்டுகிறது.

"அக்கா, இது ஏத்தத்துல தூங்கும், இறக்கத்துல ஆடும். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா எஞ்சினுக்கே மூச்சு பத்தாது. வைப்பருக்கு எங்கேருந்து குடுக்கும்?"

"இத்தனை வருஷமா இதே வைப்பர்லதானேடா ஓட்டறேன்" என்றார் அவர்.

"அது அக்கா கும்பிடற சாமி ஓட்டினது, அண்ணே."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. அந்த ஏற்றத்தில் மழை பிடித்தால் கண்ணாடி தெளிவாகத் தெரியவேண்டிய நேரத்தில்தான் வைப்பர் படுக்கும். கடைசியில் குழாயையும் உள் ரப்பரையும் மட்டும் மாற்றினால் போதும் என்று என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஜூன் 7, வெள்ளி

டீச்சர்களை அழைத்து வந்துவிட்டார். "ரப்பர் மாத்தியும் சரியில்ல. மோட்டாரையே மாத்தணும்."

பெரிய டீச்சர் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு நீங்க வேண்டிக்கிட்டதுல பாதி எங்க கணக்கு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். கை மட்டும் சில்லிட்டிருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

மோட்டார் தேர்ந்தெடுப்பது என் வேலையாகிவிட்டது. "நம்ம வீட்டு இன்ஜினியரம்மா பாத்துச் சொல்லட்டும்" என்றார். கிண்டல்தான். ஆனாலும் வண்டியோடு வந்த பழைய புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

வழி மூன்று இருக்கிறது. அதே உறிஞ்சு மோட்டாரைப் புதிதாக வாங்கலாம். அது வேண்டாம், புதியதும் ஏற்றத்தில் தூங்கும். எல்லாக் கடையிலும் கிடைக்கிற பன்னிரண்டு வோல்ட் மோட்டார் வாங்கலாம். எங்கள் வண்டி ஆறு வோல்ட். மாட்டினால் ஓடும், ஆனால் காய்ச்சல்காரன் மாதிரி ஓடும். அதற்காக பாட்டரி, டைனமோ, விளக்கு எல்லாவற்றையும் மாற்றினால் பாதி வண்டியை மாற்றியதாகிவிடும். மூன்றாவது, ஆறு வோல்ட் மோட்டார். அரிதாம். வெளியூரில் ஒரு கடையில் இருப்பதாக மெக்கானிக் விசாரித்துச் சொன்னார்.

உடனே வாங்கிவிடலாம் என்று பார்த்தால் அதிலும் இரண்டு அளவாம். மோட்டாரின் தண்டு கண்ணாடிச் சட்டத்தைத் துளைத்து வெளியே வரவேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் வைப்பர் கையை மாட்ட இடமிருக்காது. கை வீசுகிற அகலமும் பார்க்கவேண்டும். எங்கள் கண்ணாடி உயரம் குறைவு, அகலமாக வீசினால் சட்டத்தில் இடித்து மோட்டார் எரிந்துபோகும். தையல் டேப்பை எடுத்துப் போய் ஜீப்பின் மேல் ஏறி அளந்தேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அளந்ததையே திரும்பத் திரும்ப அளக்கிறேன். தப்பாக வாங்கிவிட்டால்? ஒரு தண்டு அளவில் மூன்று உயிர்.

ஜூன் 10, திங்கள்

மழை இல்லை. நன்றி, ஆண்டவனே.

ஜூன் 13, வியாழன்

மோட்டார் வந்தது, மாட்டியாயிற்று. தண்டு சரி, வீச்சும் சரி. ஒரு வாளித் தண்ணீரை நானே கண்ணாடியில் ஊற்றினேன். ஒரே வீச்சில் வழித்துத் தள்ளியது. எஞ்சினை உறுமவிட்டும் பார்த்தோம், அது அசரவில்லை.

"அக்கா, கடை போடுங்க, நான் உங்ககிட்ட வேலைக்கு வரேன்" என்றார் மெக்கானிக்.

வீட்டுக் கணக்கில் இந்தத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்து, மருந்துச் செலவில் எழுதினேன்.

ஜூன் 14, வெள்ளி

இதை எழுதாமல் இருந்தால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

புது வைப்பரைப் பார்க்கும் ஆசையில் நானும் கூடப் போனேன். மேலே டீச்சர்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது மழை கொட்டியது. மோட்டார் ஓடியது. நன்றாக ஓடியது. கண்ணாடி துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பாதை, ஓரத்துக் கல், மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் எல்லாம் எனக்குத் தெரிந்தது.

அவர் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். "சனியன், துடைக்கவே மாட்டேங்குது" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக வந்தான். இடது பக்கம். பெரிய கறுப்புக் குடை. வண்டி அவனை நோக்கியே போகிறது. ஹார்ன் இல்லை, பிரேக் இல்லை. இவர் என்ன பண்றாரு — ஐயோ, என்ன பண்றாரு —

"ஆளு! ஆளுங்க!" என்று கத்தினேன்.

பிரேக் போட்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. குடைக்காரன் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றான். கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "எங்க?"

ஜூன் 15, சனி

மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாமே என்றேன்.

"என் கண்ணுக்கு என்ன? உன் மோட்டாரைக் கொண்டுபோய்க் காட்டு, அதுக்குத்தான் கண்ணு தெரியல." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நேராக மெக்கானிக்கிடம் போய், மோட்டார் சரியில்லை, பிரித்துப் பார் என்று ஜீப்பை விட்டுவிட்டு வந்துவிட்டார். திங்கட்கிழமை காலை வண்டி வேண்டுமாம்.

திங்கட்கிழமை.

ஜூன் 16, ஞாயிறு

பொய் சொல்லச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பிரார்த்தனை முடிந்த கையோடு, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் பட்டறைக்குப் போனேன்.

"மோட்டார் கெட்டுப்போச்சு, கடைக்குத் திருப்பி அனுப்பியிருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"நல்லா ஓடற மோட்டாரையா? என்னக்கா, நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். குடையைச் சொன்னேன். "எங்க" என்று கேட்டதைச் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மோட்டாரைக் கழற்றி, டப்பாவில் போட்டு, அலமாரி மேல் தட்டில் வைத்தார்.

"எத்தனை நாளைக்குக்கா?"

தெரியவில்லை. கடவுளே, நீ என்னை மன்னிக்கவேண்டாம். அவரை அந்தச் சீட்டில் உட்காரவிடாதே, அது போதும்.

ஜூன் 17, திங்கள்

டீச்சர்கள் நடந்து போனார்கள், மழையில். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன டீச்சர் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். என்னால்தான்.

ஜூன் 20, வியாழன்

கூண்டில் அடைத்த மாதிரி வீட்டுக்குள் சுற்றி வருகிறார். "ஒரு மோட்டார் போயிட்டு வர இவ்வளவு நாளா? நடந்தா போகுது?" தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு, நான் பார்த்தேனா என்று பார்த்தார். நான் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டேன். இரண்டு பேரும் நன்றாக நடிக்கிறோம்.

ஜூன் 22, சனி

தெரிந்துவிட்டது.

என்னிடம் சொல்லாமல் பட்டறைக்குப் போயிருக்கிறார். மெக்கானிக்குக் கோர்வையாகப் பொய் சொல்ல வரவில்லை, அலமாரியை அலமாரியைப் பார்த்திருக்கிறார். இவர் கையை விட்டுத் துழாவி டப்பாவை எடுத்துவிட்டார்.

டப்பாவோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கத்துவார் என்று கதவோரம் நின்றேன்.

"நீதானே சொல்லச் சொன்ன?"

"ஆமாங்க."

"ஏன்?"

"உங்களுக்குக் கண்ணு தெரியல."

இவ்வளவு காலத்தில் அவர் முகத்துக்கு நேராக இப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. சொன்ன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

டப்பாவைத் தடவிக்கொண்டே இருந்தார். "கண்ணாடியிலதான் கோளாறுன்னு நெஜமாவே நெனச்சேன். ரப்பரை மாத்தினா தெரியும்னு நெனச்சேன். மோட்டாரை மாத்தினா தெரியும்னு நெனச்சேன். வாளியில நீ தண்ணி ஊத்தின இல்ல, அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்க. எனக்கு ஓரமெல்லாம் புகையாத்தான் இருந்துச்சு." டப்பாவைக் கீழே வைத்தார். "பயமா இருந்துச்சும்மா."

இத்தனை நாள் நான் மட்டும் பயப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருக்கிறதாம். போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்ற வேளை தவறாமல் சொட்டு மருந்து. ஓரப் பார்வை அறவே இல்லை, வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர்.

"மழையில மட்டுமா, வெயில்லயுமா?" என்று இவர் கேட்டார்.

டாக்டர் பதில் சொல்வதற்கு முன் நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

சொட்டு மருந்து விடும்போது தலையை என் மடியில் வைக்கிறார். எழுந்ததும் கூடத்தில் மோட்டார் டப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். வண்டியை விற்றுவிடுவார் என்று ஒரு பயம். சாவி கேட்பார் என்று இன்னொரு பயம்.

ஜூலை 1, திங்கள்

டீச்சர்கள் இன்றும் நடந்தார்கள். மெக்கானிக் வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"அண்ணே, கோவமா இருந்தா திட்டிருங்க. ஆனா வண்டி சும்மா நிக்குது, டீச்சருங்க காலெல்லாம் அட்டை. நான் ஓட்டறேன்."

"நீயா? ரெண்டாவது வளைவைத் தாண்டி நீ போனதே இல்லையேடா. தலை சுத்துதுன்னு இறங்கி ஓடி வந்தவன் நீ."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன். பக்கத்துல உக்காந்து வளைவு எந்தப் பக்கம்னு சொல்லுங்க. பள்ளம் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிராதீங்க."

சாயங்காலம் பார்த்தால் மோட்டார் டப்பா கூடத்தில் இல்லை.

ஜூலை 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஜீப் கிளம்பியபோது நான் வாசலுக்குப் போகவில்லை. கியர் அரைபடுகிற சத்தமும், "கிளட்சை மிதிடா, அது என்ன எறும்பா!" என்று அவர் கத்துவதும் சமையலறை வரை கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும். பிரார்த்தனையில் உட்கார்ந்தேன், வார்த்தை கூடவில்லை. ஒவ்வொரு வளைவாக மனதில் ஏறிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மெக்கானிக் வாசல் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவருக்கு நல்ல பசி.

இவர் சட்டையை நனைக்க எடுத்தேன். மழை நாளில் இந்த வண்டியை ஓட்டிவிட்டு வந்தால் எப்போதும் வலது கைதான் நனைந்திருக்கும். ஜீப்புக்குக் கதவு கிடையாது, சாரல் நேரே அடிக்கும். இன்று வலது கை காய்ந்திருந்தது. இடது தோளிலிருந்து முழங்கை வரை ஈரம்.

பிழிந்து காயப்போட்டேன்.