கறுப்புத் திரையும் மீமிசல் ஏலமும்

3 பிப்ரவரி 2025, திங்கள்
பழைய ரவுட்டர் இன்று மூன்றாவது முறையாகத் தானே நின்றது. புதிய பெட்டியின் விலையைக் கேட்டதும் சேவுகன் அண்ணன் முகம் தொங்கிவிட்டது. கேபிள் டிவி காலத்திலிருந்து ஆவுடையார்கோவிலில் தொழில் செய்கிறவர், என் முதலாளி. இப்போது நடத்துகிற இன்டர்நெட் இணைப்புகளை எல்லாம் பெரிய கம்பெனிக்கே கொடுத்துவிடலாமா என்கிறார். கொடுத்தால் என் வேலை? இலவச மென்பொருளைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் போட்டே ரவுட்டராக்கலாம் என்றேன்.

"ஓசியில கெடைக்கிறத நம்பி நாலு ஊரு கனெக்சனையும் அதுல விடலாமாம்மா?"

ஒரு மாதம் தவணை வாங்கியிருக்கிறேன்.

8 பிப்ரவரி, சனி
இரண்டு மென்பொருட்களைச் சோதித்தேன். ஒன்று பார்க்க அழகு, பட்டனைத் தட்டினால் போதும். ஆனால் நன்றாகச் சோதித்த பதிப்புக்கு வருடாவருடம் சந்தா. மற்றது வெறும் கறுப்புத் திரை, எல்லாம் தட்டச்சுதான். முழுக்க இலவசம். ஒரு கேபிள் அறுந்தால் தானே இன்னொன்றுக்கு மாறிக்கொள்கிறது. அழகு சோறு போடுமா? கறுப்புத் திரைதான்.

13 பிப்ரவரி, வியாழன்
விடியற்காலை நான்கு மணிக்கு யாரும் நெட் பார்க்கமாட்டார்கள் என்று எல்லா வழிகாட்டியும் சொல்கிறது. நான்கு மணிக்கே மாற்றினேன். புது இயந்திரம் எழும்புவதற்குள் மீமிசலிலிருந்து போன் மேல் போன். படகு கரைக்கு வந்து ஏலம் நடக்கிற நேரம். மீன் கம்பெனிகள் வெளியூருக்கு விலை அனுப்ப முடியாமல் நிற்கின்றன. பதறிப்போய்ப் பழையதையே மாட்டினேன். அண்ணன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

14 பிப்ரவரி
முட்டாள் — மீமிசல் மீன் கம்பெனிகளுக்கு இணைப்புக் கொடுத்ததே நீதானேடி? ஏல நேரம் தெரியாதா?

15 பிப்ரவரி, சனி
மீமிசல் போய் மீன் கம்பெனி சிவசாமி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்த நேரம் தோது என்றும் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு மணிக்குப் பண்ணுங்க. கறிச்சோறு தின்னுட்டு ஊரே தூங்கும்."

இதை எந்த வழிகாட்டியிலும் எழுதவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு
இரண்டு மணி. ஒன்பதே நிமிடத்தில் மாற்றிவிட்டேன். ஒரு போன்கூட வரவில்லை!

4 மார்ச், செவ்வாய்
காலையில் அறந்தாங்கி சாலையில் குழி தோண்டிய ஜேசிபி எங்கள் பிரதான கேபிளை அறுத்துவிட்டது. திரையில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். எல்லாம் தொண்டிப் பக்கமாக வரும் இரண்டாவது கேபிளுக்குப் போய்விட்டது. நாலு ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பெருமையாக இருக்கிறது. என் டைரியில் நான் ஏன் மறைக்க வேண்டும்?

சேவுகன் அண்ணன் நம்பாமல் தன் போனில் வீடியோ ஓட்டிப் பார்த்தார். பிறகு பெரிய கம்பெனி ஆளைக் கூப்பிட்டார்.

"கனெக்சனக் குடுக்குறதா இல்லங்க. எங்க எஞ்சினியர் பாத்துக்கிறாங்க."

இத்தனை வருடமாக வெளியாட்களிடம் என்னைக் 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்றுதான் சொல்லி வந்தார்.